முதல் வடிப்பு

தம்பிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. தபால்காரர் கடை வாசலிலேயே நின்றுகொண்டு, "பெங்களூர் லெட்டருங்க, கனமா இருக்குது. பொண்ணு கிண்ணு பாத்துட்டாரா?" என்றார். நானும் அந்த ஆசையில்தான் பிரித்தேன். உள்ளே நான்கு பக்கத்துக்குச் சாராயம். சரி, கோபித்துக்கொள்ளாதே, ஜின். அந்தச் சொல் வருகிற இடத்திலெல்லாம் நீ அடிக்கோடு போட்டிருப்பதால் நானும் மரியாதையாக ஜின் என்றே எழுதுகிறேன். பெரிய மது ஆலையில் இருந்த வேலையை விட்டுவிட்டாய். கூட்டாளியோடு சேர்ந்து ஒரு பழைய கிடங்கைப் பிடித்து, லைசென்ஸ் வாங்கி, செப்புப் பானையும் இறக்கியாகிவிட்டது. ஆவணி பிறந்ததும் முதல் அடுப்பு. இத்தனையும் முடித்துவிட்டு, கடைசி பக்கத்தில் "நீ என்னம்மா நினைக்கிறாய்" என்று கேட்கிறாய். உன் அப்பாவும் இப்படித்தான். இந்த நாட்டு மருந்துக் கடையை வாடகைக்குப் பிடித்து, பெயர்ப்பலகை எழுதி, அந்தப் பெயின்ட் காய்ந்த பிறகுதான் என்னிடம் வந்து, "ஒரு யோசனை இருக்குது" என்றார்.

நீ எழுதியிருந்த சரக்குப் பட்டியலைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொத்தமல்லி விதை, அதிமதுரம், ஏலக்காய், லவங்கப்பட்டை, ஆரஞ்சுத் தோல். ஜூனிப்பர் என்று ஏதோ ஒரு காய் மட்டும் சீமையிலிருந்து வருகிறதாம். மற்றதெல்லாம் நம் கடையில் என் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. ஜனங்கள் இருமலுக்கும் அஜீரணத்துக்கும் வாங்கிப் போவதைத்தான் நீ பெரிய மனிதர்கள் சாயங்காலம் குடிக்கிற மாதிரி புட்டியில் அடைக்கப்போகிறாய். அதிமதுரம் அனுப்பு என்று கேட்டிருக்கிறாய், அனுப்புகிறேன். ஆனால் அங்கே வாங்கும்போது பார்த்து வாங்கு. ஒடித்தால் உள்ளே மஞ்சளாக இருக்க வேண்டும். பொடி உதிர்ந்தால் புழு விழுந்த சரக்கு. கொத்தமல்லியை வறுக்காதே. தீயைச் சின்னதாக வை. எதற்கும் அவசரப்படுகிற பிள்ளை நீ. பால் பொங்குவதற்குள் இறக்கிவிடுகிற கை உன்னுடையது.

ஊரில் விஷயம் பரவிவிட்டது. தபால்காரரிடம் நானே சொன்னதுதான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. எதிர்க்கடை பாத்திரக்காரரின் மனைவி வந்து, "உங்க பையன் சாராயம் காச்சப் போறானாமே, கோயில் ஊர்ல பொறந்துட்டு" என்று இழுத்தாள். "ஆமாம்மா. உங்க வீட்டுக்காரர் தெனம் சாயங்காலம் எங்க போறாருன்னு கேட்டுச் சொல்லு, என் பையனை அங்கயும் ஒரு புட்டி கொண்டாந்து குடுக்கச் சொல்றேன்" என்றேன். அதற்கப்புறம் அவள் இந்தப் பக்கம் வரவில்லை. நீ செய்வதில் எனக்கு வெட்கம் இல்லை, தம்பி. முறைப்படி லைசென்ஸ் வாங்கி, சுத்தமாக, படித்த படிப்பை வைத்துச் செய்கிறாய். பயம் கொஞ்சம் இருக்கிறது. பெருமை அதைவிட ஜாஸ்தியாக இருக்கிறது. இதை நான் நேரில் சொல்ல மாட்டேன் என்று உனக்குத் தெரியும், அதனால் இந்த வரியை வேண்டுமானால் நீ அடிக்கோடு போட்டுக்கொள்.

ஆனால் நீ கடைசியில் எழுதியிருந்த இரண்டு விஷயங்கள்தான் என்னைத் தூங்கவிடவில்லை. முதல் அடுப்பை நான்தான் வந்து பற்றவைக்க வேண்டும் என்கிறாய். அது ஒன்று. அன்றைக்கு வருகிற பெரிய மனிதர்களிடம், இந்தத் தொழிலை நான் என் அம்மாவின் ஓமத் தண்ணீர்ப் பானையைப் பார்த்துத்தான் கற்றேன், அவள் கையால் வடித்தது யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை என்று பேசப்போவதாக எழுதியிருக்கிறாய். அது இரண்டு. ஏழுமலை மாமாவும் உன் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டுமாம். அவனை எதிரில் வைத்துக்கொண்டு அந்தப் பேச்சை நீ பேச நான் விட முடியாது. ஏன் என்று சொல்கிறேன், நிதானமாகப் படி.

உன் அப்பா போனபோது நீ பத்தாவது முடித்திருந்தாய். அதற்கப்புறம் கடையை நடத்தியது நானும் ஏழுமலையும். என்னைவிட ஆறு வயது சின்னவன், என் கூடப் பிறந்த ஒரே ஆள். மூட்டை தூக்குவது, வேலூர் போய்ச் சரக்கு எடுத்து வருவது எல்லாம் அவன். பின்கட்டில் ஓமத் தண்ணீர் வடிப்பது நான். நீ நூறு தடவை பார்த்திருக்கிறாய். ஊறவைத்த ஓமத்தைச் செப்புப் பானையில் போட்டு, மூடியைச் சுற்றி உளுத்தம் மாவு பூசிய துணியை வரிந்து கட்டி, சின்னத் தீ வைத்தால், குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும். அதில் முதலில் இறங்குகிற புட்டிதான் புட்டி. மேலே எண்ணெய் மிதக்கும், மூக்கருகே கொண்டுபோனாலே கண்ணில் தண்ணீர் வரும். கடைசியில் இறங்குவது வெறும் வெந்நீர். விவரம் தெரிந்தவர்கள், "மொத வடிப்பு இருக்குதாங்க?" என்றுதான் கேட்பார்கள். அதை நாம் விற்றதே இல்லை. தனியாக மேல்தட்டில் வைத்து, வேண்டியவர்கள் வீட்டில் குழந்தை பிறந்தால் சும்மா கொடுப்போம். உன் அப்பா ஏற்படுத்திய வழக்கம் அது, முதல் வடிப்பு பிரியமானவர்களுக்கு என்று.

ஏழுமலை குடிப்பான். அது உனக்குத் தெரியும். சாராயக்கடை திறந்திருந்த காலத்தில் அளவாகக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவான். பிறகு மதுவிலக்கு மறுபடியும் வந்தது. நீ அப்போது வேலூர் ஹாஸ்டலில் இருந்து காலேஜ் படித்துக்கொண்டிருந்தாய். கடைகளை மூடினார்கள், குடிக்கிறவன் வாயை மூட முடியவில்லை. ஏரிக்கரையிலும் கரும்புக் கொல்லையிலும் எதையெதையோ போட்டுக் காய்ச்சி விற்றார்கள். அடி அண்ணாமலைப் பக்கம் அதைக் குடித்த இரண்டு பேர் வாயில் நுரை தள்ளிப் போய்ச் சேர்ந்தார்கள் என்று சேதி வந்தது. நான் ஏழுமலையிடம் அழுதேன், திட்டினேன், சோறு போட மாட்டேன் என்றேன். "விட முடியலக்கா. நான் இன்னா செய்யட்டும்?" என்று தலையைக் குனிந்துகொண்டான். பெரிய ஆம்பளை, மீசை வைத்தவன், அப்படிக் குனிந்து நின்றது எனக்குத் தாங்கவில்லை. கண்டவன் காய்ச்சியதைக் குடித்துச் சாவதைவிட, நானே சுத்தமாக வடித்துக் கொடுத்துவிடுகிறேன் என்று நினைத்தேன். வடிக்கத் தெரிந்த எனக்கு இது என்ன பெரிய வித்தை என்ற திமிரும் இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

கார்த்திகை தீபம் முடிந்த வாரம் அது. ஊரெல்லாம் வாழைப்பழம் கறுத்துக் கிடந்தது. இரண்டு கூடை வாங்கி, வெல்லம் போட்டு, பெரிய ஜாடியில் ஊறவைத்தேன். பொங்கி அடங்கியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடையைத் திறக்காமல், அதே பானையில் ஊற்றி அதே மாதிரி துணி கட்டி அடுப்பு மூட்டினேன். ஓமத் தண்ணீருக்கு எப்படியோ அப்படியே. முதலில் இறங்கியது சுள்ளென்று வாசனை வீசியது. பார், எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அதைத் தனிப் புட்டியில் பிடித்தேன். முதல் வடிப்பு யாருக்கு? பிரியமானவர்களுக்கு. ஏழுமலையைக் கூப்பிட்டு அவன் கையில் அந்தப் புட்டியைக் கொடுத்து, "கொஞ்சங் கொஞ்சமா குடிடா" என்றேன். பின்னால் வந்ததையெல்லாம் சாதாரணம் என்று ஓரமாக வைத்தேன். அவன் குடித்துப் பார்த்துவிட்டு, "ஜாஸ்தி காரமா இருக்குதுக்கா" என்றான். "மொத வடிப்புடா, அப்பிடித்தான் இருக்கும்" என்று பெருமையாகச் சொன்னேன்.

அவன் புட்டியைக் காலி செய்துவிட்டான். மறுநாள் காலை பத்து மணிக்கு வாந்தி. மத்தியானம், "அக்கா, எல்லாம் வெள்ளையா தெரியுது, புகை போட்ட மாதிரி" என்றான். குதிரை வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் அவனுக்குப் பேச்சு நின்றுவிட்டது. டாக்டர் வயதானவர், நல்ல மனுஷன். அவன் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "என்னம்மா குடிச்சான்?" என்றார். வேறு ஏதோ கேஸுக்காக வந்த போலீஸ்காரர் ஒருவர் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் அந்தக் காக்கிச் சட்டையைப் பார்த்தேன். "தெரியலைங்க" என்றேன். அவர் இரண்டாவது முறையும் கேட்டார். "வயித்து வலின்னான், ஓமத் தண்ணி குடுத்தேங்க" என்றேன். மூன்றாவது முறை பொறுமையாக, "சொன்னாத்தாம்மா நான் மருந்து குடுக்க முடியும். சாராயமா?" என்று கேட்டார். இல்லவே இல்லை என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அவர் வயிற்றுக்கான மருந்தைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனார். மறுநாள்தான் ஏழுமலைக்குப் பேச்சு வந்து, குடித்தேன் என்று அவனே சொன்னான். அதற்கப்புறம்தான் சரியான வைத்தியம் நடந்தது. வலது கண் திரும்பி வந்தது, இடது கண் வரவே இல்லை. அந்த ஒரு நாளை நான் வீணாக்காமல் இருந்திருந்தால் அதுவும் வந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது, அந்த டாக்டரிடம் கேட்கவும் தைரியம் வரவில்லை.

எங்கே வாங்கினாய் என்று போலீஸ் வந்து கேட்டபோது ஏழுமலை, "ஏரிக்கரைல எவனோ ஒருத்தன்கிட்டங்க, மூஞ்சி ஞாபகம் இல்லீங்க" என்றான். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உனக்கும் அதே கதையைத்தான் நாங்கள் சொன்னோம். நான் மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றி, பானையைப் புளி போட்டுத் தேய்த்து, ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஓமத் தண்ணீர் வடித்தேன். ஏழுமலை அன்றிலிருந்து குடியைத் தொடவில்லை. அடி அண்ணாமலையில் கிரிவலம் வருகிறவர்களுக்குச் சோடாவும் தேங்காயும் விற்கிற கடையைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். யார் வீட்டு விசேஷத்திலாவது எவனாவது குடித்துவிட்டு வந்தால் அவனை உட்காரவைத்து, "என்னப் பாருடா. அளவு தெரியாம குடிச்சுக் கண்ணக் கெடுத்துக்கிட்டவன்" என்பான். பத்து வருஷத்துக்கு மேலாக அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் பந்தி பரிமாறியிருக்கிறேன். அவன் அளவுக்கு மீறிக் குடித்ததுதான் காரணம் என்று நானும் நம்பினேன், அல்லது நம்புவது வசதியாக இருந்தது.

போன பொங்கலுக்கு வந்தாயே, சாப்பிடும்போது உன் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாய், நினைவிருக்கிறதா? "மொதல்ல வர்றத நாங்க எடுத்துக்கவே மாட்டோம்மா. கீழ ஊத்திடுவோம். வெஷமெல்லாம் அதுலதான் ஜாஸ்தி, கண்ணே போயிடும். பழத்துல பண்ணா இன்னும் மோசம்" என்றாய். நான் உன் இலையில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். ரசம் இலையைத் தாண்டித் தரையில் ஓடியது. "என்னம்மா, எனக்கு வர்றதயும் கீழ ஊத்திட்ட" என்று கிண்டல் செய்தாய். சிரித்தேன். பிறகு பின்கட்டுக்குப் போய்த் துணி எடுத்துவருகிற சாக்கில் அழுதேன். அவன் அளவு மீறவில்லை. நான் கொடுத்ததுதான் விஷம். தூக்கி எறிய வேண்டியதை எடுத்து வைத்து, பிரியம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் பஸ் ஏறி அடி அண்ணாமலைக்குப் போனேன். கடையில் கூட்டம் இல்லை. முதல் வடிப்பைப் பற்றி நீ சொன்னதை அவனிடம் சொன்னேன். அவன் தேங்காய்களை அடுக்கிக்கொண்டே கேட்டான். நான் முடித்ததும், "அப்போ நான் ஜாஸ்தியா குடிச்சதால இல்லயா?" என்றான். இல்லை என்றேன். "பத்து வருசமா என் பொண்டாட்டி கிட்ட இதுக்கே தெனம் பேச்சு வாங்கறேன்க்கா" என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. எதையாவது சொல்ல வேண்டுமே என்று நான், "அதனாலதானேடா நீ குடிய விட்ட" என்றேன். அவன் முகம் மாறிவிட்டது. "குடிய விட்டது நான். கை நடுங்கி, சோறு எறங்காம, மூணு மாசம் அவஸ்தப்பட்டு விட்டது நான். அதையும் நீ எடுத்துக்காத" என்றான்.

கடைசித் தேங்காயையும் அடுக்கிவிட்டு, "வாழப்பழத்த விடு, அது தெரியாம செஞ்சது. டாக்டர் மூணு வாட்டி கேட்டாராமே, அங்க இருந்த ஆயா அப்பவே சொன்னாங்க. ஏன்க்கா சொல்லல?" என்று கேட்டான். இத்தனை வருஷமாக அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நான் தயாராக வைத்திருந்த பதிலைச் சொன்னேன். "பையன் படிச்சிட்டிருந்தான்டா. என்னை உள்ள வெச்சிட்டா அவன் படிப்பு போயிடுமேன்னு" என்றேன். அவன் முகம் அப்படியே இளகிவிட்டது. உன்மேல் அவனுக்கு இருக்கிற பாசம் உனக்கே முழுசாகத் தெரியாது. "அதுக்குத்தானா. அப்போ சரி விடு. என் மருமான் படிப்புக்குப் போன கண்ணுன்னு வெச்சிக்கறேன். பெங்களூர் போறப்போ அவன்கிட்டயும் சொல்றேன், சந்தோசப்படுவான்" என்றான். ஒரு சோடா உடைத்துக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டுப் போனான்.

இதுவரை எழுதிவிட்டு மூன்று நாள் பேனாவைத் தொடவில்லை. உனக்கும் அதே பதிலை எழுதி முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நீயும் மன்னித்துவிடுவாய், உனக்காகச் செய்ததாயிற்றே. ஆனால் எழுத வரவில்லை. நேற்று மறுபடியும் போனேன். கடைக்கு வெளியே நின்றபடியே, "நான் சொன்னது பொய்டா. அன்னிக்கு எனக்குப் பையன் நெனப்பே வரல. போலீஸ் என் கையப் புடிச்சு கடத்தெரு வழியா இழுத்துக்கிட்டுப் போற மாதிரிதான் தெரிஞ்சுது. என் மானத்துக்குப் பயந்தேன். பையன் பேரை அப்புறமா சேத்துக்கிட்டேன்" என்றேன். இரண்டு பேர் வந்து சோடா கேட்டார்கள், கொடுத்து அனுப்பினான். பிறகு, "இதைச் சொல்லவா ரெண்டாவது வாட்டி பஸ் ஏறி வந்த?" என்றான். ஆமாம் என்றேன். "அவனுக்கு எழுதிட்டியா?" என்றான். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். "எழுது" என்று மட்டும் சொன்னான். பஸ் ஏற்றிவிட வரவில்லை. அவன் பெங்களூர் வருவானா மாட்டானா என்று எனக்குத் தெரியாது. நீயே எழுதிக் கேள், நடுவில் என்னை வைக்காதே.

உன் ஆலையில் நாளைக்குப் பத்துப் பேர் வேலை செய்வார்கள். அதில் எவனாவது ஒருவன் தப்பு செய்வான், எல்லாம் தெரியும் என்று நினைக்கிறவன்தான் முதலில் செய்வான். நீ போய் அவனைக் கேட்கும்போது உன் முகம் காக்கிச் சட்டை போட்ட முகமாக இருக்கக் கூடாது, தம்பி. பயந்தவன் வாயிலிருந்து பொய்தான் வரும். அதற்குள் இன்னொருவன் அந்தப் புட்டியைத் திறந்துவிடுவான். உன் கையே தப்பு செய்தால், கேட்கிறவன் முதல் தடவை கேட்கும்போதே சொல்லிவிடு. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த தொழில் ரகசியம். அடுப்பைப் பற்றவைக்க நான் வர வேண்டும் என்று இதையெல்லாம் படித்த பிறகும் உனக்குத் தோன்றினால் ஒரு வரி எழுது, புடவை எடுத்து வைக்கிறேன். தோன்றாவிட்டால் அதையும் எழுது. அதிமதுரம் எப்படியும் வந்து சேரும்.

ஆனால் ஒன்றை மட்டும் நினைவில் வை. என்றைக்காவது மாமா மனசு கேட்காமல், இது உன் படிப்புக்காகப் போன கண் என்று உன்னிடம் சொன்னால் நம்பாதே. உன்மேல் வைத்த பாசத்தில் சொல்வான். உன் படிப்புக்காக யார் கண்ணும் போகவில்லை, தம்பி. அது என் பயத்துக்குப் போனது. நீ யாருக்கும் எந்தக் கடனும் பட்டிருக்கவில்லை. நிம்மதியாகப் போய் உன் அடுப்பை மூட்டு.

அம்மா